மாடு சாகாத காடு

"நேரா சொல்றேன்" என்றுதான் லியோன் ஒவ்வொரு வீடியோவையும் தொடங்குவான். சேனலின் பெயரும் அதுதான். முகத்தைக் காட்டமாட்டான். கன்சோலில் ஓடும் விளையாட்டு திரை முழுக்கத் தெரியும். கீழே ஒரு மூலையில் கன்ட்ரோலரைப் பிடித்த இரண்டு கைகள். வலது கை ஆள்காட்டி விரல் பாதிதான் இருக்கும். போர்வெல் போடும் ரிக் வண்டியில் ராடு மாற்றுகிறபோது ஸ்பேனருக்கு நடுவில் சிக்கிப் போன விரல். அதனால் சுடுகிற பொத்தானை நடுவிரலால் அழுத்துவான். பார்க்கிறவர்களுக்கு அந்த விரல்தான் அடையாளம். குட்டை விரல் இன்றைக்கு யாரைக் கிழிக்கப் போகிறதோ என்று கமெண்டில் எழுதிவிட்டுக் காத்திருப்பார்கள்.

அவனும் கிழிப்பான். உலகமே தலையில் வைத்துக் கொண்டாடிய ஒரு விளையாட்டில், நாயகன் பாறாங்கல்லைச் சுமந்து மலையேறும் காட்சியை நிறுத்தி வைத்தான். "இவன் தோள்ல இருக்கறது கல்லா, தெர்மாகோலா? முட்டி மடங்கல. மூச்சு வாங்கல. எறக்கி வெச்சப்புறம் கையை ஒதறக்கூட இல்ல. கல்லுத் தூக்கறவன் ஒருத்தனையாவது பக்கத்துல நின்னு பாத்துட்டு இதைச் செஞ்சிருக்கலாம்" என்றான். பத்துக்கு நாலு மார்க். அந்த வீடியோ கைபேசி கைபேசியாகச் சுற்றியது. அதற்குப் பிறகு ஒன்றிரண்டு கம்பெனிகள், வெளியீட்டுக்கு முன்பே அவனுக்கு விளையாட்டை அனுப்பிக் கருத்துக் கேட்க ஆரம்பித்தன. பகலில் அவன் வேலை என்னவோ அதியமான்கோட்டை பைபாஸ் ஓரத்தில், தீர்த்தகிரியின் கடையில் எரிந்துபோன தண்ணீர் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் புதுக் காயில் கட்டுவதுதான்.

இவ்வளவு வாய் உள்ளவனுக்கு ஓர் இடத்தில் மட்டும் வாய் வராது. அது ரிக் வண்டியில் பழகியது.

பள்ளிக்கூடம் முடித்த கையோடு வண்டி ஏறியவன் அவன். அனந்தப்பூர், ஜபல்பூர், ராஜஸ்தான் என்று தண்ணீர் இல்லாத ஊராகப் பார்த்துத்தான் வண்டி போகும். போர் போடுகிற இடத்தில் ஒரு நடைமுறை உண்டு. ராடு மேல் ராடாக உள்ளே இறங்க, குழியிலிருந்து வெள்ளைப் புழுதி கிளம்பும். துளி ஈரம் இருக்காது. ஆப்பரேட்டருக்கு அந்தப் புழுதியின் நிறத்திலேயே தெரிந்துவிடும். வண்டியில் சோறாக்குகிறவனுக்குக்கூடத் தெரிந்துவிடும். நிலத்துக்காரர் மட்டும் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தப் புழுதிக்குள்ளேயே நிற்பார். குழியைப் பார்க்கமாட்டார். ஆப்பரேட்டரின் முகத்தைப் பார்ப்பார். அந்த முகத்தில் ஒன்றும் தெரியக்கூடாது. இன்னொரு ராடு போடலாங்களா என்று மட்டும் கேட்கலாம். தண்ணீர் இல்லை என்று சொல்லக்கூடாது. போதும் என்கிற வார்த்தை நிலத்துக்காரர் வாயிலிருந்துதான் வரவேண்டும்.

பென்னாகரத்துக்காரன் நஞ்சப்பன் ஒருமுறை இதை மீறினான். அனந்தப்பூர் பக்கம் ஒரு மானாவாரிக் காட்டில், நிலத்துக்காரர் நிற்கிற நிலையைப் பார்த்து மனசு பொறுக்காமல், கீழே வெறும் பாறைதான் நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டான். அவரும் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்திக்கொண்டார். மழைக்காலத்துக்கு முன்னால் அவருடைய அண்ணன் வேறு வண்டியைக் கூட்டிவந்து அதே குழியில் இன்னும் கொஞ்சம் இறக்கினார். தண்ணீர் பனைமர உயரம் பீய்ச்சியதாம். அண்ணன் முன்னால் தன்னை முட்டாளாக்கிவிட்டான் என்று நிலத்துக்காரர் ஆட்களோடு வண்டி நிற்கும் இடத்தைத் தேடி வந்தார். நஞ்சப்பன் குளித்துக்கொண்டிருந்தான். சோப்பு நுரையோடு அடித்தார்கள். இடது காது கிழிந்து தொங்கியது. லியோன்தான் அதைத் துணியில் பொத்திப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். நிறுத்தச் சொன்னவன் தலையில்தான் எல்லாம் விடியும் என்று அன்றைக்கே அவன் மனதில் பதிந்துவிட்டது.

விளையாட்டுகளைத் திட்டும்போது அந்தத் தொல்லை இல்லை. செய்தவன் எங்கேயோ கடல் தாண்டி இருக்கிறான். இவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு யாரும் பக்கத்தில் நிற்பதில்லை.

அருள்பிரகாஷ் வந்து நிற்கும் வரைக்கும்.

அருள்பிரகாஷ், லியோனின் தங்கை மோனிஷாவின் கணவன். எஞ்சினியரிங் படித்துவிட்டு பெங்களூரில் ஒரு கம்பெனியில், ஊரார் செய்யும் விளையாட்டுகளில் பிழை கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தவன். தானே ஒன்று செய்கிறேன் என்று வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து, வீட்டு மாடியில் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்துவிட்டான். அவன் செய்த விளையாட்டின் பெயர் 'மந்தை'. மழை பொய்த்த ஒரு கோடையில் பென்னாகரத்துக் காட்டுவழியாக மலைமாடுகளைக் காவிரிக்கு ஓட்டிப் போகிற ஒருவனின் கதை. விளையாடுகிறவன்தான் அந்த மாடு மேய்ப்பவன். கன்சோலில் வெளியிட அனுமதி வாங்குவதற்கே அருள் ஒரு வருடம் அலைந்தான்.

அவனுடைய அம்மா மதலேனம்மாளுக்கு இது எதுவும் பிடிபடவில்லை. "ஊரு சனம் தீனியில்லாம மாட்டை வித்துட்டு நிக்குது. இவன் டிவியில மேய்க்கிறான்" என்று கோயில் வாசலில் நின்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார்.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் கழிந்த ஞாயிறு, பூசை முடிந்து வெளியே வந்ததும் அருள் லியோனைப் பிடித்துக்கொண்டான். தன் வீட்டு மாடிக்குக் கூட்டிப்போய், கன்ட்ரோலரை இரண்டு கையாலும் நீட்டினான். லியோன் பாயில் உட்கார்ந்தான். அருள் உட்காரவில்லை. டிவி பக்கமாகப் போய் நின்றுகொண்டான். அங்கிருந்து பார்த்தால் திரை தெரியாது. லியோனின் முகம்தான் தெரியும். நிலத்துக்காரர் நிற்கிற இடம் அது.

திரை விரிந்ததும் கொஞ்சநேரம் லியோன் கையை அசைக்கவே இல்லை. அவ்வளவு அழகு. இலை உதிர்ந்த வெப்பாலை மரங்கள், குளம்புப் புழுதியில் மங்கிய சாயங்கால வெயில், முன்னால் போகிற கிழப்பசுவின் கழுத்து மணி. இந்தக் காட்டை இவ்வளவு சுத்தமாக வேறு யாரும் திரையில் கொண்டுவந்ததில்லை. லியோன் மாடுகளை ஓட்டினான். ஓர் ஓடை வந்தது. கன்றுக்குட்டி ஒன்று கரையில் தயங்கி நின்றது. திரும்பிப் போய்த் தூக்கிவர வேண்டும் போலிருந்தது. லியோன் வேண்டுமென்றே விட்டுவிட்டு நடந்தான். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தான். கன்று மந்தைக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது.

அவனுக்குச் சந்தேகம் தட்டியது. மந்தையைப் பாறை விளிம்புக்கு ஓட்டினான். விளிம்பில் மாடுகள் தாமாக நின்றன. தண்ணீர் காட்டாமல் இரண்டு பகல் நடத்தினான். நாக்கைத் தொங்கப்போட்டன, ஆனால் நடந்தன. சிறுத்தை உறுமியது. உறுமிவிட்டுப் போய்விட்டது. என்ன செய்தாலும் ஒரு மாடு குறையவில்லை. அழகான காட்டுக்குள் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போவதுபோல் போய்க்கொண்டே இருந்தது. மாடு சாகாத காட்டில் மேய்க்கிறவனுக்கு என்ன வேலை? வேறு யாருடைய விளையாட்டாக இருந்தாலும் அந்த ஒரு வரியைச் சொல்லிக் கன்ட்ரோலரைக் கீழே போட்டிருப்பான்.

வெள்ளைப் புழுதி. துளி ஈரம் இல்லை.

நிமிர்ந்தான். அருளின் உதடு காய்ந்திருந்தது. லியோன் முகத்தை வெறுமையாக வைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் போய்ப் பாக்கறேன் மாப்ள" என்றான்.

அருளுக்கு மூச்சு வந்தது. "பாருங்க மச்சான், பாருங்க. அவசரமே இல்ல" என்றான்.

கீழே இறங்கிக் குழாயடியில் லியோன் கை கழுவும்போது மோனிஷா துண்டோடு வந்து நின்றாள். அவள் தர்மபுரியில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். குடும்பம் அவள் கையில்தான் ஓடியது. பழைய கம்பெனியில் அருளைத் திரும்பக் கூப்பிடுகிறார்கள் என்றும், ஈஸ்டருக்குள் பதில் சொல்லவேண்டும் என்றும் சொன்னாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இவரு உன் வாயைத்தாண்ணா பாத்துக்கிட்டு இருக்காரு. தேறும்னா தேறும்னு சொல்லு. தேறாதுன்னா அதையும் சொல்லிடு. அழுதாருன்னா நான் பாத்துக்கறேன்."

"நான் சொல்லக்கூடாது மோனி. அவராத்தான் சொல்லணும்."

"அவராச் சொல்றதுக்கு உன்னை எதுக்குக் கூப்புடறாரு?"

லியோன் துண்டை வாங்கி முகத்தைத் துடைத்தான். தேவைக்கு மேல் கொஞ்சநேரம் துடைத்தான்.

தவக்காலம் முழுக்க ஞாயிறுதோறும் மாடிக்குப் போனான். ஒவ்வொரு தடவையும் இன்றைக்கு அருளே குறையைப் பார்த்துவிடுவான் என்று நினைத்துக்கொண்டுதான் போவான். பார்க்கட்டும் என்றே ஓடையில் கன்றுக்குட்டியை விட்டுவிட்டு நடப்பான், நின்று திரும்பிப் பார்ப்பான், கன்று பின்னால் ஓடிவரும். மறுபடி பழைய இடத்துக்குப் போய் மறுபடி விட்டுவிட்டு நடப்பான். அருள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "அந்தக் கன்னு உங்களுக்குப் புடிச்சுப்போச்சு போல" என்றான். அடுத்த வாரம் அந்தக் கன்றுக்கு நெற்றியில் ஒரு வெள்ளைச் சுழி வைத்திருந்தான்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று அருள் கடைக்கே வந்தான். லியோன் மோட்டார் வயிற்றுக்குள் செம்புக் கம்பியைச் செருகிக்கொண்டிருந்தான். அருள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கம்பெனிக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டதாகச் சொன்னான். முகம் கல்யாணத்தன்று இருந்த மாதிரி இருந்தது.

"ஏன் மாப்ள?"

"ஊரான் கேமைப் பத்து நிமிசத்துல தூக்கிப் போட்டு மிதிக்கிற ஆளு நீங்க. என் கேமை வாராவாரம் வந்து ஆடறீங்க. ஒரு வார்த்தை திட்டல. அப்புறம் எனக்கு என்ன சந்தேகம்?"

தீர்த்தகிரி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து, கண்டிப்பாக ஜெயிக்கும் தம்பி, நம்ம ஊர்ப் பேரு வெளியே வரட்டும் என்று அவர் பங்குக்குச் சொன்னார். அவருக்கு டிவியில் சீரியல் தவிர வேறொன்றும் தெரியாது. லியோனின் கையில் கம்பி முறுக்கிக்கொண்டது. இப்போது சொன்னால்கூட ஒரு போன் போட்டு மாற்றிவிடலாம். சொல் தொண்டை வரைக்கும் வந்தது. அதோடு கூடவே துணியில் நனைந்த நஞ்சப்பனின் காதும் வந்தது. நிறுத்தச் சொல்லி, நாளைக்கு வேறொருவன் இதே போலொன்று செய்து ஜெயித்துவிட்டால்? தங்கச்சி வாழ்க்கையில் மண்ணைப் போட்டவன் என்று பேர் வரும்.

"இன்னும் கொஞ்சம் பாக்கலாம் மாப்ள" என்றான்.

சொன்ன பிறகுதான் அது காதில் விழுந்தது. இன்னொரு ராடு போடலாங்களா என்று கேட்கிற அதே குரல்.

அருள் ராடு மேல் ராடாக இறக்கினான். அந்த வருடம் முழுக்க இறக்கினான். இன்னும் இரண்டு மலை சேர்த்தான். பறவைகள் சேர்த்தான். மாடுகளின் தோலில் உண்ணி வைத்தான். கிட்டே போனால் உண்ணி தெரியும். கோடையில் தகரம் கொதிக்க, ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். கன்னம் ஒட்டிப் போனது. தீபாவளிக் கூட்டத்தில் மோனிஷா கடை மூடும் வரைக்கும் நின்று பில் போட்டாள். கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. லியோன் ஆடிக்கொண்டே இருந்தான். ஆண்டு முடிவதற்குள் அவன் சேனலில் எத்தனையோ விளையாட்டுகளைக் கிழித்தான். முன்னைவிடக் கடுமையாகவே கிழித்தான். மந்தையின் பேச்சை மட்டும் எடுக்கவில்லை.

பொங்கல் கழிந்து மந்தை வெளியானது. முதலில் நன்றாகத்தான் இருந்தது. தமிழ்ச் சேனல்கள் சில, நம் மண்ணின் விளையாட்டு, எல்லோரும் வாங்கி ஆதரவு கொடுங்கள் என்றன. பேசியவர்கள் முதல் காட்டைத் தாண்டியதாகத் தெரியவில்லை. மதலேனம்மாள்கூட அந்த வாரம் கோயில் வாசலில் வேறு மாதிரி பேசினார். பிறகு வாங்கியவர்கள் எழுத ஆரம்பித்தார்கள். தூக்கம் வருகிறது என்றார்கள். அழகாக இருக்கிறது, அவ்வளவுதான் என்றார்கள். திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்றார்கள். நேரா சொல்றேன் சேனலுக்குக் கீழே கேள்வி குவிந்தது. குட்டை விரல் மந்தையைப் பற்றி ஏன் வாயைத் திறக்கவில்லை?

தேய்பிறை அஷ்டமியன்று காலபைரவர் கோயில் கூட்டத்தில் பைபாஸ் ஓரம் முழுக்க வண்டியாக நின்றது. அந்த நெரிசலில் போன் அடித்தது. அருள் உடனே வரச்சொன்னான். லியோன் கையைக்கூடக் கழுவாமல் வண்டியை எடுத்தான்.

மாடியில் அருள் பாயில் உட்கார்ந்திருந்தான். மடியில் லேப்டாப். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று மந்தையை விமர்சித்து எழுதியிருந்தது. லியோனுக்கு அந்த அளவு இங்கிலீஷ் ஓடாது. அருளே ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னான். காடு அழகு என்று எழுதியிருந்தார்கள். ஒலி அழகு என்று எழுதியிருந்தார்கள். ஆனால் ஒரு மாடுகூடச் சாகாத வறட்சி இது, இழப்பதற்கு ஒன்றுமில்லாத பயணத்தில் சேருமிடத்துக்கு என்ன மதிப்பு என்று எழுதி, பத்துக்கு ஐந்து கொடுத்திருந்தார்கள். படித்து முடித்துவிட்டு லேப்டாப்பை மூடினான்.

"இது உங்களுக்குத் தெரியுமா மச்சான்?"

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"மொத நாளே."

மோனிஷா கடைக்குக் கிளம்பியவள், பையைத் தோளில் மாட்டியபடி மாடி வாசலில் நின்றிருந்தாள். லியோன் அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தான். ரிக் வண்டியைப் பற்றிச் சொன்னான். வெள்ளைப் புழுதியைப் பற்றி, துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கும் நிலத்துக்காரரைப் பற்றி, நஞ்சப்பனின் காதைப் பற்றிச் சொன்னான். போதும் என்கிற வார்த்தை ஓனர் வாயிலிருந்துதான் வரவேண்டும் என்றும், அது வரட்டும் என்றுதான் வாராவாரம் வந்து உட்கார்ந்தேன் என்றும் சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே அது எங்கோ சறுக்கிக்கொண்டு போவது தெரிந்தது.

அருள் கத்தவில்லை. கல்யாணமான நாளிலிருந்து லியோனை அவன் ஒருமையில் அழைத்ததில்லை. அன்றைக்கு அழைத்தான்.

"ரிக்குல ராடு போடற ஆளுன்னு நெனச்சா உன்னைக் கூப்பிட்டேன்? பாயிண்ட் பாக்கற ஆளுன்னு நெனச்சுக் கூப்பிட்டேன். தேங்காயக் கையில வெச்சுக்கிட்டு நெலத்துல நடப்பானே, தண்ணி இருக்குதா இல்லையான்னு சொல்லிட்டுப் போவானே, அவன்னு நெனச்சேன்."

லியோன் கழுவாத கையைச் சட்டையில் துடைத்தான்.

"நான் கேட்டனேண்ணா" என்றாள் மோனிஷா. "குழாயாண்ட நின்னு கேட்டனே." அவ்வளவுதான் சொன்னாள். படியிறங்கிப் போய்விட்டாள். அவள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அவள் போனதும் அருள் கேட்டான். "ரிவ்யூ ஏன் போடல?"

"மனசு வரல மாப்ள."

"இப்பவும் பொத்திக்கிட்டு இருக்கப் போறியா? போடு. ஊருக்கெல்லாம் நேராச் சொல்ற இல்ல, எனக்கும் சொல்லு. நான் வந்து உக்காந்துக்கறேன்."

வந்து உட்காரத்தான் செய்தான். அடுத்த ஞாயிறு மதியம், லியோனின் வீட்டில் அவன் வீடியோ பிடிக்கும் அந்தச் சின்ன அறையில், கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். மின்விசிறிச் சத்தம் பதிவாகும் என்று நிறுத்திவிட்டதால் இரண்டு பேருக்கும் வேர்த்தது. லியோன் 'நேரா சொல்றேன்' என்றான். அதற்கு மேல் வரவில்லை. தண்ணீர் குடித்தான். மறுபடி ஆரம்பித்தான். திரையில் கன்று ஓடைக்கரையில் நின்றது. லியோன் நடந்தான். வெள்ளைச் சுழி நெற்றியோடு கன்று பின்னால் வந்தது. மாடு சாகாத காட்டில் மேய்க்கிறவனுக்கு என்ன வேலை என்று கேட்டான். உண்ணி தெரிகிறது, பசி தெரியவில்லை என்றான். பயம் இல்லாததால் பாசமும் வரவில்லை, கடைசியில் காவிரி வந்தபோது சினிமாவில் வருகிற தண்ணீர் மாதிரி சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன் என்றான். எல்லாம் ஒரு வருடமாக வாய்க்குள்ளேயே ஊறிக் கிடந்த சொற்கள் என்பதால் ஒன்றுகூடத் தடுக்கவில்லை. மார்க் சொல்லவேண்டிய இடம் வந்ததும் நின்றுவிட்டான்.

"சொல்லு" என்றான் அருள்.

"நாலு."

அருள் தலையைக் குனிந்துகொண்டு கொஞ்சநேரம் தன் கையைப் பார்த்தான்.

"போதும்" என்றான்.

லியோன் கன்சோலை அணைத்தான். ரிக் வண்டியில் கம்ப்ரசரை நிறுத்தினால் காதுக்குள் கொஞ்சநேரம் ஒன்றுமே கேட்காது. அப்படி இருந்தது அறை.

அவன் சேனலில் அதுவரைக்கும் எதற்கும் வராத கூட்டம் அந்த வீடியோவுக்கு வந்தது. செய்தவன் யார் என்று யாரோ மோப்பம் பிடித்து எழுதிவிட்டார்கள். தங்கச்சி புருசனையே விடவில்லை, இவன்தான் ஆம்பளை என்றார்கள். மச்சான் மாப்பிள்ளை சண்டை என்று படம் போட்டுச் சிரித்தார்கள். நேர்மைக்கு ஒரு குட்டை விரல் என்று ஒருவன் எழுதியிருந்தான். அதை நிறையப் பேர் விரும்பியிருந்தார்கள். லியோன் போனைக் குப்புற வைத்தான்.

பழைய கம்பெனியில் அந்த வேலைக்கு வேறு ஆள் வந்தாகிவிட்டது. அருள் கெஞ்சிக் கேட்டதில், கீழ்ப்படியில் ஓர் ஒப்பந்த வேலை கொடுத்தார்கள். மற்றவர்கள் செய்த விளையாட்டில் பிழை தேடும் அதே வேலை, அன்றைக்குத் தன்னிடம் வேலை பழகியவர்களுக்குக் கீழே. மறுபடி தவக்காலம் பிறந்திருந்தது. பெங்களூர் பஸ்ஸுக்கு அருளை லியோன்தான் வண்டியில் கொண்டுவந்து விட்டான். மோனிஷா வரவில்லை. மாடியில் ஒயர்களைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். அருளைக் கூட்டிப்போக லியோன் வீட்டுக்குள் வந்ததும் மேலே போனவள், அவன் போகும்வரை கீழே வரவில்லை.

பைபாஸில் லாரிகள் போகிற காற்றில் இரண்டு பேரும் நின்றார்கள். அருள் பையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டான்.

"மொத நாளு, எந்த எடத்துல தெரிஞ்சுது உங்களுக்கு?" மறுபடி மரியாதை வந்திருந்தது. ஒருமையைவிட அது தூரமாக இருந்தது.

"ஓடையில. கன்னை வுட்டுட்டுப் போனேன். அது பின்னாலயே வந்துருச்சு."

அருள் தலையாட்டினான். ஏற்கெனவே தெரிந்ததைச் சரிபார்த்துக்கொண்டது போலிருந்தது.

"மொதல்ல அது செத்துதான் போவும் மச்சான். கரையில நின்னா நின்னதுதான். திரும்பப் போயித் தூக்கியாரலன்னா முடிஞ்சுது. மோனிஷா ஒருநாளு ஆடிப் பாத்தா. அப்பத்தான் அவளுக்கு மூணாம் மாசத்துல கலைஞ்சிருந்துச்சு. அழுதுட்டா. எடுத்துடுங்கன்னா. எடுத்துட்டேன். ஒண்ணை எடுத்தப்புறம் மத்தது சாவறதும் எனக்குப் பாக்க முடியல. எல்லாத்தையும் எடுத்துட்டேன்."

அருள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"இந்தக் கன்னு ஏன் சாவலன்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா, திரும்ப வெச்சிருப்பேன். எல்லாம் உள்ளதான் கெடக்குது, அழிக்கல. ஒரு சாயங்கால வேலை."

பஸ் வந்தது. அருள் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தான். கையாட்டவில்லை. கோபத்தில் என்று சொல்லமுடியாது. போனை எடுத்து ஏதோ பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

லியோன் அங்கிருந்து நேராகக் கடைக்குப் போனான். பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் டிவிஎஸ் வண்டியின் பின்னால் கட்டியிருந்த மோட்டாரை இறக்கிவைத்துவிட்டுக் காத்திருந்தார். தக்காளிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தபோது நின்றுவிட்டதாம். லியோன் மூடியைக் கழற்றினான். காயில் கருகியிருந்தது. உள்ளே ஈரமே இல்லை. நயமான வெள்ளை மண் அப்பியிருந்தது. வெறும் குழியில் ஓடிக் கருகிய மோட்டார். புதுக் காயில் கட்டிக் கொடுத்தாலும் ஒரு வாரத்தில் இதே கதிதான். வழக்கமாக அவன் கட்டிக் கொடுத்துவிடுவான். அவர்களாகவே தெரிந்துகொள்வார்கள்.

அவர் டீக் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க போர்ல தண்ணி இல்லீங்க" என்றான் லியோன். "மோட்டார் மேல குத்தமில்ல. இதைக் கட்டறது தெண்டம். நிறுத்திக்குங்க."

அவர் மிச்ச டீயைக் குடித்தார். கிளாஸைத் திண்டில் வைத்தார். மோட்டாரை மறுபடி வண்டியில் தூக்கி வைத்துக் கயிற்றை இறுக்கினார். சாலையைத் தாண்டி எதிர்க்கடைக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

"உன் வாயை வீடியோவோட வெச்சுக்க லியோனு" என்றார் தீர்த்தகிரி. "வந்தவன் மோட்டாரைக் கட்டத்தான் வந்தான். உன்கிட்ட குறி கேக்க வரல."

எதிர்க்கடைக்காரர் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, பாலக்கோட்டுக்காரரைப் பார்த்துத் தலையாட்டினார். பாலக்கோட்டுக்காரர் முகம் தெளிந்தது இங்கிருந்தே தெரிந்தது. லியோன் கம்பியை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தான். சுற்றுக் கணக்கு தவறிப்போனது. பிரித்துவிட்டு முதலிலிருந்து சுற்றினான்.